விடை நிற்காத தாள்

அத்தியாயம் 9

ஜீப் ஐந்து மணிக்குப் புறப்படும். இப்போது மணி பதினொன்றரை.

மறுநாள் தீபாவளி. பதுளை பஸார் முழுக்கத் தோட்டத்துச் சனம். மழையைக்கூடச் சட்டை செய்யாமல் துணிக்கடைகளில் முண்டியடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தை இரண்டு முழங்கையாலும் பிளந்துகொண்டு போன பாக்கியலெட்சுமிக்கு மட்டும் பண்டிகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் தம்பி கணபதியைத் தெற்கே இருக்கும் தடுப்பு முகாமுக்கு இன்று கொண்டுபோகிறார்கள். அங்கே போனவர்களிடமிருந்து கடிதம்கூட வருவதில்லை.

"நானா, கொஞ்சம் வேகமா நடங்க. இல்லாட்டி உங்க வயித்த இங்கயே வச்சிட்டு வாங்க, திரும்பி வரும்போது எடுத்துக்குவோம்."

"என்ட வயிறு உனக்கு என்ன செஞ்சிச்சு பாக்கியம்," என்று மூச்சு வாங்கினார், ஊரே 'நானா' என்று அண்ணன் முறை வைத்து அழைக்கும் ஸஹாப்தீன்.

இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்த் தீயை மோப்பம் பிடித்த மனிதர் அவர். இப்போது இரும்புக்கடை மாடியில் ஒரு மேசையும் ஒரு டைப்ரைட்டரும் போட்டுத் துப்பறிகிறார். டைப்ரைட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் பாக்கியலெட்சுமி. மூன்று மொழியில் டைப் அடிப்பாள். வாய் அதைவிட வேகம். இந்த இரண்டு வாரமாக அந்த வாய் ஓயாமல் கேலி பேசியது. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். வப் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளன்று காலை பத்து மணிக்குப் பசறைப் பள்ளத்தாக்கிலிருந்து பதுளை நகரம் வரை கரண்டு செத்துப்போனது. ஒரு மணி நேரம் பொலிஸ் வயர்லெஸ் ஊமை. அந்த நேரத்தில் கல்பொக்கத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எலக்ட்ரீசியன் கணபதி மெயின் சுவிட்சில் கை வைத்தபடி நின்றான். மோட்டார் எல்லாம் முனகிச் சூடேறியது, எரிந்துவிடுமென்று சுவிட்சை இறக்கினேன் என்றான். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறாம் வருஷத்தில், சுவிட்சில் கை வைத்த தமிழ் இளைஞன் சொன்னதை யார் கேட்பது? நாசவேலை என்று எழுதி அவசரகாலச் சட்டத்தில் உள்ளே தள்ளிவிட்டார்கள்.

அதற்கு மேல் முத்திரை குத்தியது ஒரு கம்ப்யூட்டர். மின்சாரக் கந்தோர் என்ற அலுவலகத்தின் புது இஞ்சினியர், மின்னழுத்தம் எங்கே நிற்கும் எங்கே விழும் என்று ஆராயும் ஒரு புரோகிராமில் அன்றைய நிலவரத்தைப் போட்டுப் பார்த்து, "இந்த லைன் அன்று தானாக விழுந்திருக்க முடியாது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஸஹாப்தீன் நாலு நாள் நடையாய் நடந்ததில் பொலிஸ் ஏ.எஸ்.பி. ஒரே ஒரு வழி விட்டிருந்தார். கம்ப்யூட்டர் சொன்னதைக் கம்ப்யூட்டரே மாற்றிச் சொல்ல வேண்டும். அதே இஞ்சினியர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் ஐந்து மணிக்குள்.

ஜுனைதீன் ஸ்டூடியோவின் மரப்படி வழுக்கியது. உள்ளே போனதும் ஸஹாப்தீன் சுற்றி வளைக்கவில்லை.

"போயா அன்னைக்கு மேல் தெருவில ஒரு கலியாணம். நீங்கதான் படம் புடிச்சீங்க. படம் எங்க?"

போட்டோகிராபர் ஜுனைதீனின் முகம் சுருங்கியது. "ஃபிலிம் கெட்டுப் போச்சுன்னு அந்த வீட்டுக்குச் சொல்லிட்டன் நானா."

"அவங்களுக்குச் சொன்னது சரி. எங்களுக்கு உண்மையச் சொல்லுங்க," என்றாள் பாக்கியலெட்சுமி. "பொண்ணு வீட்டுல காட்டிக் குடுக்க மாட்டோம். நெய்ச்சோறு நாங்க சாப்பிடல."

ஜுனைதீன் மேசை லாச்சியைத் திறந்து ஆறு படங்களை எடுத்து வரிசையாக வைத்தார். மணப்பெண் நடுவில் இருக்கிறாள், பக்கத்தில் ஆள் மட்டும் மாறுகிறது. முதல் படத்தில் பெண்ணின் முகம் பளிச்சென்று இருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் மங்கல். மூன்று, நான்கு என்று போகப் போக முகம் கறுத்தது. ஆறாவதில் பக்கத்தில் நின்ற மாமியாரின் மூக்குத்தி மட்டும் தெரிந்தது.

"என்ட லைட் பழசு," என்றார் ஜுனைதீன் வெட்கத்தோடு. "ரெண்டு பெரிய லைட்டுப் போட்டுத்தான் எடுத்தன். கொஞ்சங் கொஞ்சமா செவந்து செவந்து எறங்கிச்சு. இது வெளிய தெரிஞ்சா என்னை இனிக் கலியாணத்துக்குக் கூப்பிட மாட்டாங்க."

"முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம் இரிக்கும். கடைசிப் படத்தோட ஊரெல்லாம் கரண்டு போச்சு."

ஸஹாப்தீன் பாக்கியலெட்சுமியைப் பார்த்தார். "சுவிட்ச இறக்கினா கரண்டு எப்படிச் சாகும்?"

"பட்டுன்னு."

"இது பத்து நிமிஷம் இழுத்துக்கிட்டுக் கிடந்து செத்திரிக்கு."

அவள் படங்களை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ஆனால் சந்தோஷப்பட நேரமில்லை. இந்தப் படங்களைக் காட்டினால் ஏ.எஸ்.பி. என்ன சொல்வார் என்று அவளுக்கே தெரியும். போட்டோகிராபரின் லைட் பழசு என்று போட்டோகிராபரே சொல்கிறாரே என்பார். படங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு ஸஹாப்தீனோடு மின்சாரக் கந்தோருக்கு நடந்தாள்.

இஞ்சினியர் இத்ரூஸுக்கு முப்பது வயதிருக்கும். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். அறை நடுவில் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் தரையில் ஒரு இரும்புப் பெட்டி. பெட்டி அடிக்கடி 'டக்' என்றது.

"இது என்னங்க சேர்?" என்றாள் பாக்கியலெட்சுமி.

"ஸ்டெபிலைசர். கரண்டு ஏறி இறங்கினா மெஷின் கெட்டுடும். அதுக்குக் காவல்."

"எங்க லைன் ஆடாது அசையாதுன்னு சொன்ன மெஷினுக்கா இந்தக் காவல்?"

இத்ரூஸின் காது சிவந்தது. ஸஹாப்தீன் இருமி மறைத்துக்கொண்டார். இருந்தாலும் இஞ்சினியர் கெட்டவர் இல்லை. பழைய அறிக்கைத் தாளை, இரு ஓரத்திலும் துளை போட்ட அந்த நீளத் தாளை, மேசை முழுக்க விரித்துப் பொறுமையாக விளக்கினார்.

"ஒவ்வொரு இடத்திலயும் எவ்வளவு கரண்டு இழுக்கிறாங்கன்னு நாங்க குடுக்கணும். அங்க வோல்டேஜ் எவ்வளவு நிக்கும்னு இது முதல்ல ஒரு ஊகம் போடும். சரிபார்க்கும். பிழைன்னா திருத்தி மறுபடி ஊகம் போடும். அப்படியே போய்க் கடைசியில ஒரு எண்ணில நிக்கும். நின்னா லைனும் நிக்கும்."

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசு ஆடி ஆடி நிற்பது போல என்று பாக்கியலெட்சுமி மனதுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கண் தாளில் ஓடியது. எண்கள், எண்கள், மேலும் எண்கள். திடீரென்று விரல் ஒரு இடத்தில் நின்றது.

"சேர், இது என்ன?"

"உங்கட பக்கத்துத் தேயிலை ஸ்டோர்கள். பதினொன்னு."

"பதினொன்னுக்கும் நாப்பது, நாப்பது, நாப்பதுன்னு இருக்கே. பெரிய ஸ்டோரு சின்ன ஸ்டோரு எல்லாம் ஒரே மாதிரியா மூச்சு விடும்?"

"அது லைட்டுக்கும் வாச்சருக்கும் மட்டும் போட்டது. அன்னைக்குப் போயா தானே. லீவு. ஸ்டோர் மூடியிரிக்கும்."

பாக்கியலெட்சுமி அவரை உற்றுப் பார்த்தாள். இரண்டு வாரத்தில் முதல் முறையாக அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது.

"சேர், கொழுந்துக்குப் போயா தெரியாதுங்க. போயாவுக்கு மொத நாள் பறிச்ச கொழுந்து ராத்திரி பூரா மாடியில வாடிக் கெடக்கும். விடிஞ்சா உருட்டியே ஆகணும், விட்டா அழுகிப் போயிரும். லீவு மலையில பறிக்கிறவங்களுக்குத்தான். ஸ்டோருக்கு லீவு மறுநாள்."

இத்ரூஸ் பேனாவை மேசையில் வைத்தார்.

"தம்பி எந்த ஊர்?" என்று ஸஹாப்தீன் மெதுவாகக் கேட்டார்.

"பண்டாரவளை. வாப்பாட புடவைக்கடை பஸார்ல இரிக்கு."

"ஸ்டோருக்குள்ள போயிருக்கீங்களா?"

"இல்ல நானா." அவர் குரல் தாழ்ந்தது. "போயா அன்னைக்குக் கந்தோர் மூடுற. ஸ்கூல் மூடுற. ஸ்டோரும் மூடும்னு நினைச்சிட்டன்."

ஊரையே சுற்றித் தேயிலை மலை. அதன் நடுவில் பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியவில்லை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? பாக்கியலெட்சுமிக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கொழுந்து மிகுந்த வேலைநாளின் எண்களைக் கோப்பிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்துவிட்டார். தட்டி முடித்து, மெஷின் யோசித்து முடிக்க ஐம்பது நிமிஷம் ஆனது. மணி இரண்டு நாற்பதுக்குத் தாள் வெளியே வந்தது.

"நிக்குது," என்றார் இத்ரூஸ். "வோல்டேஜ் ரொம்பக் குறைவு. ஆனா நிக்குது."

"நல்லாப் பாருங்க சேர்."

"பாத்துட்டன் தங்கச்சி. யோசிச்சுப் பாருங்க, வேலைநாள் எல்லாத்திலயும் ஸ்டோர்கள் இவ்வளவு இழுக்குது. ஒரு நாளும் லைன் விழல்லையே."

பாக்கியலெட்சுமி எழுந்து ஜன்னலருகே போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பெரியாயி இப்போது பொலிஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் மாமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். பதினான்கு நாளாக அங்கேதான். மடியில் கணபதிக்குத் தீபாவளிச் சட்டை. அளவு சரியாக இருக்குமா என்று இன்று காலையிலும் கேட்டாள். அம்மாவிடம் போய் என்ன சொல்வது?

"முடிஞ்சிச்சு நானா," என்றாள் திரும்பாமல். "எல்லாம் முடிஞ்சிச்சு."

"அழுறதுக்கு அஞ்சு மணிக்குப் பொறகு நேரம் தாறன். இப்ப ஒரு கேள்வி. போயா அன்னைக்குக் கணபதி எத்தனை மணிக்கு லயத்து வீட்டுக்கு வருவான்?"

"பன்னெண்டுக்கெல்லாம் வந்துருவான். பதுளைல மெட்னி ஷோ பாக்காட்டி அவனுக்குப் போயாவே இல்ல."

"மத்த நாள்ல?"

"நாலு மணி ஆவும்."

"ஒரே கொழுந்து. ஒரே ஸ்டோர். நாலு மணிக்கு முடியிற வேலை போயா அன்னைக்கு மட்டும் எப்படிப் பன்னெண்டுக்கு முடியுது?"

அவள் கம்பியை விட்டாள். மெல்லத் திரும்பினாள். அவள் கண் இத்ரூஸிடம் போனது.

"மத்த நாள்ல கொழுந்து உருட்டுற ரோலரைப் பாதிப் பாதியா ஓட்டுவாங்க," என்றாள். "போயா அன்னைக்கு..."

இத்ரூஸ் அதற்குள் டெலிபோனை எடுத்திருந்தார். கல்பொக்க ஸ்டோர் கிடைக்கக் கால் மணி நேரம் ஆனது. ஸ்டோரை நடத்தும் டீமேக்கரின் குரல் அறைக்கே கேட்டது.

"போயா அன்னைக்கு எத்தனை ரோலர் ஓட்டினீங்க?"

"எல்லாந்தான் சேர். ரெண்டு ஷிப்ட் ஆளும் ஒண்ணா நின்னு முடிச்சிட்டுப் போயிருவாங்க. எப்பவும் அப்படித்தானுங்களே, இந்தத் தடவை மழைக்குக் கொழுந்து ரொம்ப." கேட்பதே வேடிக்கை என்பது போலச் சொன்னார் அந்த மனிதர்.

"உங்கட ஸ்டோர்ல மட்டுமா?"

"எல்லா ஸ்டோர்லயும்தான். அத்தனை பேருக்கும் பதுளைக்கு ஒரே பஸ்ஸுதானே சேர். இன்னைக்கும் அதே கதைதான். காலைக் கொழுந்தோட நிறுத்திச் சூட்டுக் காத்துல வாட்டியாச்சு. அஞ்சு மணிக்கு எல்லா ரோலரையும் ஒரேயடியா விடப் போறோம். நாளைக்குத் தீபாவளி இல்லீங்களா."

இத்ரூஸ் ரிசீவரை வைத்தார். பதினொரு ஸ்டோருக்கும் அத்தனை ரோலரையும் சேர்த்து எண்களை மாற்றினார். மணி மூன்று பத்து. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஊகம் ஒன்று. ஊகம் இரண்டு. கல்பொக்க வரிசையில் வோல்டேஜ் நூற்றுக்குத் தொண்ணூறு என்று வந்தது. பிறகு எண்பது. பிறகு அறுபத்தாறு. பிறகு என்ன நினைத்ததோ, திடீரென்று நூற்று நாற்பதுக்கு எகிறியது. அடுத்த ஊகத்தில் பூச்சியத்துக்கும் கீழே. தராசு நிற்கவே மாட்டேன் என்றது. ஐம்பதாவது ஊகத்தில் திரை அப்படியே உறைந்து ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டியது. அதே வரியைப் பிரிண்டரும் அடித்துத் துப்பியது.

"என்ன போட்டிருக்கு?" என்றார் ஸஹாப்தீன்.

"விடை கிடைக்கல்லையாம்." இத்ரூஸ் நாற்காலியில் சாய்ந்தார். "புரோகிராம் முறிஞ்சிடுச்சு நானா. நிக்குதுன்னும் சொல்லல்ல, விழுந்திச்சுன்னும் சொல்லல்ல. இதைக் கொண்டுபோய் என்னத்தக் காட்டுற?"

மணி நாலு பத்து. இன்னொரு முறை ஓட்ட நேரமில்லை. பாக்கியலெட்சுமிக்குக் கேலியும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மடியிலிருந்த படங்களை எடுத்து, செய்ய வேறொன்றும் இல்லாததால், மேசையில் வரிசையாக அடுக்கினாள்.

"மெஷினு தோத்துப்போச்சு," என்றாள். "ஒரு மணி நேரம் தெணறி மூச்ச விட்டுருச்சு. அன்னைக்கு லைட்டு செத்த மாதிரியே."

இத்ரூஸ் படங்களைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி படங்களைப் பார்த்தார். பிறகு நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"அல்லாவே, நான் எவ்வளவு பெரிய மடையன். மெஷின் தோக்கல்ல தங்கச்சி. விடை இரிந்தாத்தானே அது தேடிப் பிடிக்கும்? அவ்வளவு பாரத்தில அந்த லைன் நிக்கக்கூடிய வோல்டேஜே கிடையாது. ஒன்னுமே கிடையாது. அதனாலதான் எண் நிக்கல்ல."

"புரியிற மாதிரிச் சொல்லுங்க சேர்."

"யாரும் கை வைக்கத் தேவையில்ல. கரண்டு மங்கி மங்கித் தானா விழும். வோல்டேஜ் குறையக் குறைய மோட்டார் இன்னும் கூட இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் குறையும். பத்து நிமிஷத்தில எல்லாம் முடிஞ்சிடும். உங்கட தம்பி சுவிட்ச இறக்கினது லைனக் கெடுக்க இல்ல. லைனுக்குப் பாரத்தக் குறைக்க. பதினொரு ஸ்டோர்ல ஒருத்தனுக்குத்தான் அந்தப் புத்தி வந்திச்சு. அதுவும் பிந்திடுச்சு."

அந்த ஒருத்தனைத்தான் பிடித்து உள்ளே போட்டிருக்கிறார்கள். பாக்கியலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு டைப்ரைட்டரில் காகிதம் செருகி அறிக்கையை டைப் அடித்தாள். அவசரத்தில் இரண்டு இடத்தில் எழுத்து மாறியது. கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் இத்ரூஸ் பேனாவை எடுத்து, போடாமல் நின்றார்.

"முதல் அறிக்கை பிழைன்னு நானே எழுதுறன். நாளைக்கு என்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. நானும் தமிழ் பேசுறவன்தானே."

பாக்கியலெட்சுமி கெஞ்சலாம், காலில் விழலாம். ஆனால் தம்பியைக் காப்பாற்ற இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பலி கொடு என்று எப்படிக் கேட்பது? இரும்புப் பெட்டி ஒரு முறை 'டக்' என்றது. இத்ரூஸ் கையெழுத்துப் போட்டார். குடையை எடுத்தார்.

"நானும் வாறன்," என்றார்.

பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் பெரியாயி நடுத்தெருவில் மழையில் நின்றுகொண்டிருந்தாள். சட்டைப் பார்சல் நனைந்து ஊறியிருந்தது.

"போயிட்டாங்கடி," என்றாள். "அப்புத்தளைப் பக்கம் மண்ணு சரியுதுன்னு மூணரைக்கே ஏத்திட்டுப் போயிட்டாங்க. நான் பின்னாலேயே ஓடுனேன். அவன் திரும்பிக்கூடப் பாக்க முடியல, கைய பின்னால கட்டியிருந்துச்சு."

பாக்கியலெட்சுமி அம்மாவை அணைத்துப் பிடித்தாள். ஸஹாப்தீன் இருவரையும் தாண்டி உள்ளே போய்விட்டார். அந்த வயிற்றோடு அவர் ஓடியதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

ஏ.எஸ்.பி. அறிக்கையை இரண்டு முறை படித்தார். சிங்களத்தில் அமைதியாகப் பேசினார்.

"விடை வரவில்லை என்று ஒரு தாள். இதைக் காட்டி ஒரு கைதியை நான் திருப்பி எடுக்க முடியுமா? ஜீப் பெரகலச் சந்தியைத் தாண்டிவிட்டால் அவன் என் பொறுப்பும் இல்லை."

"எப்போது தாண்டும்?" என்று கேட்டார் ஸஹாப்தீன்.

"பெரகலக் காவலரணிலிருந்து வயர்லெஸ்ஸில் என்னிடம் அனுமதி கேட்பார்கள். பத்து நிமிஷத்தில் நான் பதில் சொல்லாவிட்டால் அவர்கள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் உத்தரவு."

மேசைக்குப் பக்கத்தில் வயர்லெஸ் பெட்டி இருந்தது. இரண்டு மாதமாகப் பேட்டரி வராததால் சுவர்க் கரண்டில் ஓடியது. மேலே ஒரு பல்பு தொங்கியது. சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்தைந்து.

இத்ரூஸ் முன்னால் வந்தார். "சேர், அந்தத் தாளை நம்ப வேண்டாம். இந்தப் பல்பைப் பாருங்கள். ஐந்து மணிக்குப் பதினொரு ஸ்டோரும் எல்லா ரோலரையும் ஓட்டப்போகிறார்கள். இந்தப் பல்பு மங்கும்."

"இது தகவலா, மிரட்டலா?"

"கணக்கு."

"மங்காவிட்டால் உங்கள் மூன்று பேரையும் உள்ளே போடுவேன்," என்றார் ஏ.எஸ்.பி. கதவருகே நின்ற கான்ஸ்டபிளுக்குக் கண் காட்டினார். கான்ஸ்டபிள் கதவைச் சாத்தினான்.

ஐந்து மணி. பல்பு பளிச்சென்று எரிந்தது. ஐந்து ஐந்து. அப்படியே எரிந்தது. தீபாவளிக்கு முதல் நாள் இருட்டு வரச்சொல்லிக் கும்பிடுகிற தமிழச்சி இந்த உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன் என்று பாக்கியலெட்சுமி நினைத்தாள். ஐந்து எட்டு. ஸஹாப்தீன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

ஐந்து பத்துக்கு வயர்லெஸ் கரகரத்தது. "பெரகல பேசுகிறோம். ஜீப் வந்துவிட்டது. அனுமதி உண்டா?"

ஏ.எஸ்.பி. மைக்கை எடுத்தார். அவர் பேசுவதற்குள் பாக்கியலெட்சுமி அவர் கையையே தொட்டுவிட்டாள். மேலே காட்டினாள்.

பல்பு மஞ்சளானது. அப்புறம் சிவந்தது. உள்ளே இருக்கும் கம்பி தனியாகத் தெரிந்தது. அவள் மேசையில் படங்களை வைத்தாள். ஏ.எஸ்.பி. படங்களையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தார். அறை, படத்துக்குப் படம் கறுத்த அந்தப் பெண்ணின் முகம் போலவே கறுத்துக்கொண்டு வந்தது.

"பெரகல, ஜீப்பை நிறுத்துங்கள்," என்றார் மைக்கில்.

பதில் இல்லை. மறுபடி சொன்னார். பெட்டிக்குள் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அவர் கத்தினார். பெட்டி ஊமையாகிவிட்டது. பத்து நிமிஷம் பதில் வராவிட்டால் ஜீப் போய்விடும். பாக்கியலெட்சுமிக்கு அப்போதுதான் விளங்கியது. தம்பி குற்றமற்றவன் என்று காட்டிய அதே இருட்டுதான் இப்போது அவனைக் கொண்டுபோகிறது.

"டெலிபோன்," என்றார் இத்ரூஸ். அனுமதி கேட்கவில்லை. ரிசீவரை எடுத்துத் தன் கந்தோரின் சுவிட்ச் அறையைக் கூப்பிட்டார். டெலிபோனுக்கு அதன் எக்ஸ்சேஞ்சிலேயே பேட்டரி உண்டு. "நான் இஞ்சினியர் பேசுறன். பசறை லைன வெட்டு. கேள்வி கேக்காத. இப்பவே வெட்டு."

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பதினொரு ஸ்டோரின் பாரமும் இறங்க, பல்பு ஒரே தாவலில் வெள்ளையாக எரிந்தது. பெட்டி கரகரத்தது. ஏ.எஸ்.பி. மைக்கில் பாய்ந்தார்.

"பெரகல, ஜீப்பை நிறுத்துங்கள். கைதியைத் திருப்பி அனுப்புங்கள். கையைக் கட்டாமல் கொண்டுவாருங்கள்."

"ஜீப்பை எடுத்துவிட்டார்கள் சேர். பொறுங்கள், ஓடிப்போய்..." குரல் அறுந்தது. வெறும் இரைச்சல். பிறகு, "நிறுத்திவிட்டோம்."

ஏ.எஸ்.பி. மைக்கைக் கீழே வைத்து இத்ரூஸைப் பார்த்தார். "என் கண் முன்னாலேயே ஒரு பள்ளத்தாக்கின் கரண்டை வெட்டினீர்கள். எந்தச் சட்டத்தில் அவனைப் பிடித்தேனோ, அதே சட்டத்தில் உங்களையும் பிடிக்கலாம்."

"பிடிக்கலாம் சேர். அவன் செய்ததும் இதைத்தான்."

ஏ.எஸ்.பி. அறிக்கையை எடுத்து மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். வயர்லெஸ் மறுபடி கூப்பிட்டது. கைதிக்கு என்ன சொல்வது, பயந்துபோயிருக்கிறான், வழியில் இறக்கிச் சுடப்போகிறார்கள் என்று நினைக்கிறான் என்றார்கள். ஏ.எஸ்.பி. பாக்கியலெட்சுமியின் பக்கம் திரும்பினார்.

"அவனிடம் என்ன சொல்ல வேண்டும்?"

ஸஹாப்தீன் அவள் தோளைத் தொட்டார்.

"நீ சுவிட்ச எறக்குனது சரின்னு சொல்லச் சொல்லுங்க," என்றாள் பாக்கியலெட்சுமி.

ஏ.எஸ்.பி. சிங்களத்தில் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ அதைத் தமிழில் திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு காவலரண்காரனின் குரல் வந்தது.

"அவன் ஒன்று கேட்கிறான் சேர். ஸ்டோரில் மோட்டார் எதுவும் எரிந்து போகவில்லையே என்று கேட்கிறான்."

பாக்கியலெட்சுமி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே பசறைப் பக்கத்து மலையெல்லாம் இருட்டாகக் கிடந்தது. வாசலில் பெரியாயி நனைந்த சட்டையை விரித்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.